இரண்டரைக் கிலோ கோஸ்

குழுவின் பெயர்: கூட்டும் குடும்பமும்

சனிக்கிழமை

நான் (காலை 9:05): யாராவது இருக்கிறீர்களா? நேற்று ஒரு முட்டைக்கோஸ் வாங்கினேன். எடை இரண்டரைக் கிலோ. கால்வாசியை நறுக்கிச் சமைத்தேன். வீடு முழுக்க நாற்றம். சட்டியில் இருந்தது வதக்கலா கஞ்சியா என்று எனக்கே தெரியவில்லை. மீதி பிரிட்ஜில் உட்கார்ந்து என்னை முறைக்கிறது.

மாமா (9:06): ஓர் ஆளுக்கு இரண்டரைக் கிலோவா? எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் ஏதாவது நிச்சயமாகிவிட்டதா?

அக்கா (9:07): சிறியதாக ஒன்றுகூடவா இல்லை?

நான் (9:07): இருந்தது அக்கா. இதுதான் அழகாக இருந்தது.

பெரியம்மா (9:11): எப்படிச் செய்தாய்? ஒன்று விடாமல் சொல்.

நான் (9:13): பொடியாக நறுக்கினேன். கழுவினேன். சின்ன வாணலியில் எண்ணெய் விட்டுக் கோஸைக் குவித்தேன். உப்புப் போட்டேன். கால் டம்ளர் தண்ணீர் தெளித்து மூடி வைத்தேன். இருபது நிமிடம் கழித்துத் திறந்தேன்.

பெரியம்மா (9:14): நறுக்கிவிட்டா கழுவினாய்?

நான் (9:14): ஆமாம் பெரியம்மா.

பெரியம்மா (9:15): சரி. ஒரே வாணலியில் ஐந்து தப்பு. அடுப்பில் பால் இருக்கிறது, வருகிறேன்.

மாமா (9:15): ஐந்துதானா? நான் செய்திருந்தால் எட்டு.

அத்தை (9:16): நீங்கள் எந்தக் காலத்தில் செய்தீர்கள்?

பெரியம்மா (9:24): கேள். கோஸ் என்றாலே முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். நீ அதற்கு இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். மேல் இலை இரண்டை உரித்துவிட்டு முழுக் கோஸாகவே கழுவ வேண்டும். பூச்சி இருக்கும் என்று சந்தேகமானால் நான்காக வெட்டி உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, எடுத்து நன்றாக வடியவிட்டு, பிறகு நறுக்கு. ஈரத்தோடு வாணலியில் போடாதே.

அடுத்தது பாத்திரம். சின்ன வாணலியில் குவித்தால் அடியில் இருப்பது வேகும், மேலே இருப்பது வேர்க்கும். இருப்பதிலேயே அகலமானதை எடு. எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். கடுகு வெடித்ததும் கோஸைப் போட்டு, தீயைக் குறைக்காமல் புரட்டு. மூடாதே. உப்பைக் கடைசியில் போடு. முதலிலேயே போட்டால் உள்ளே இருக்கிற தண்ணீரையெல்லாம் அது வெளியே இழுத்துவிடும்.

நான் (9:26): எவ்வளவு நேரம்?

பெரியம்மா (9:27): கோஸுக்கு ஐந்து நிமிடம், இல்லையென்றால் ஐம்பது நிமிடம். நடுவில் நிற்காதே. நீ நின்றது சரியாக நடுவில்.

சித்தப்பா (9:31): அண்ணி சொல்வதில் வேதியியல் இருக்கிறது.

மாமா (9:31): ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பா (9:36): கோஸில் கந்தகம் கலந்த சேர்மங்கள் உண்டு. இலை முழுதாக இருக்கும்வரை சத்தமே இல்லை. கத்தி பட்டதும் செல்கள் உடைந்து, தனியாக இருந்த ஒரு நொதி அவற்றோடு கலக்கிறது. பச்சைக் கோஸில் மூக்கைத் தொடும் காரம் அப்படி வருவதுதான். கடுகு, முள்ளங்கி எல்லாம் இதே குடும்பம். தண்ணீரில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் கந்தகச் சேர்மங்கள் மேலும் சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். அழுகிய முட்டையில் வருகிறதே, அதே வாயு. நேற்று உன் வீட்டுக்கு வந்த விருந்தாளி அவர்தான்.

நான் (9:37): இன்னும் போகவில்லை சித்தப்பா.

சித்தப்பா (9:39): மூடியதால் இன்னொரு கெடுதலும் நடந்திருக்கும். காயிலிருந்து கிளம்பும் அமிலங்கள் ஆவியாகப் போக வழியில்லாமல் சட்டிக்குள்ளேயே விழுந்து பச்சை நிறத்தைக் கெடுக்கும். பழுப்பாக இருந்ததா?

நான் (9:40): பழைய ராணுவச் சட்டை மாதிரி இருந்தது.

அக்கா (9:42): சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சையாக இருக்குமே?

பெரியம்மா (9:43): இருக்கும். குழைந்தும் போகும். வைட்டமினும் போகும். நிறத்துக்காகக் காயைக் கொல்லாதே.

தங்கை (9:45): என் கதையைக் கேளுங்கள். சென்ற மாதம் ஊதாக் கோஸ் வேகவைத்தேன். சோடா போட்டேன். சட்டியைத் திறந்தால் நீலம். எழுதும் மசியில் வேகவைத்த மாதிரி. தோழிகள் ஒருவரும் தொடவில்லை.

சித்தப்பா (9:48): அடடா, அது விஷம் இல்லை, லிட்மஸ்! ஊதாக் கோஸின் நிறமி அமிலத்தில் சிவக்கும், சோடா போன்ற காரத்தில் நீலமாகிப் பச்சையாகும். பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டித்தான் பிள்ளைகளை விழித்திருக்க வைப்பேன். அடுத்த முறை தொடக்கத்திலேயே எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடு, செக்கச்செவேல் என்று இருக்கும். பச்சைக் கோஸுக்கு இது நேர் எதிர். புளிப்பு எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

தங்கை (9:49): அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

சித்தப்பா (9:49): அன்றைக்கு நீ புகைப்படம் போடவில்லையே.

பெரியம்மா (9:58): 🎤 குரல் பதிவு (3:12)

மாமா (10:02): யாராவது இதை எழுதிப் போடுங்கள். நான் வெளியே இருக்கிறேன்.

தங்கை (10:10): நான் எழுதுகிறேன். ஐம்பது நிமிடக் கோஸ்: தண்டை எடுக்காமல் கோஸை ஆறு எட்டு கீற்றுகளாக வெட்ட வேண்டும். தண்டு இருந்தால்தான் இலைகள் பிரியாமல் நிற்கும். கனமான சட்டியில் வெண்ணெயோ எண்ணெயோ விட்டு, வெட்டுப்பக்கம் இரண்டும் நன்றாகச் சிவக்கும்வரை அசைக்காமல் விட வேண்டும். ‘கையைக் கட்டிக்கொண்டு நில்’ என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். பிறகு நீளவாக்கில் நறுக்கிய வெங்காயம், மிளகு, உப்பு, அரை டம்ளர் தண்ணீர். இதற்கு மட்டும் மூடலாம். சின்னத் தீ. இடையில் ஒருமுறை திருப்ப வேண்டும். முதல் கால் மணி நேரம் வாடை வரும், ஜன்னலைத் திறந்துவை. அதற்கப்புறம் இனிப்பான மணம் வரும். கரண்டியால் வெட்டினால் வெட்டுப்பட வேண்டும்.

குரல் பதிவில் கடைசி நாற்பது வினாடி பக்கத்து வீட்டு நாயைப் பற்றி. அதை விட்டுவிட்டேன்.

அக்கா (10:14): எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அதே கீற்றுகளில் எண்ணெய் தடவி ஓவனில் 220 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பேன். ஓரம் கருகி மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் வெண்ணெய் போல. பாதியில் ஒருமுறை திருப்பினால் போதும். கருகிய ஓரத்துக்கு வீட்டில் சண்டை நடக்கும்.

பெரியம்மா (10:15): உன் பையன் சாப்பிடுகிறானா?

அக்கா (10:16): அவன் சண்டையில் கலந்துகொள்வதில்லை பெரியம்மா. கோஸ் என்றால் தட்டைத் திருப்பி வைத்துவிடுகிறான்.

சித்தப்பா (10:25): அதற்கு 1769லேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கேப்டன் ஜேம்ஸ் குக் எண்டெவர் கப்பலில் உப்பில் புளிக்கவைத்த கோஸை ஏற்றிக்கொண்டு போனார், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வராமல் இருக்க. மாலுமிகள் தொட மறுத்தார்கள். அவர் யாரையும் அதட்டவில்லை. தினமும் தன் மேசைக்கும் அதிகாரிகளுக்கும் அதைப் பரிமாறச் சொன்னார். மற்றவர்கள் விரும்பினால் சாப்பிடலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்றார். மேலே இருப்பவர்கள் சாப்பிடுவதைப் பார்த்ததும் மாலுமிகளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைக்கவேண்டியதாயிற்று. இதைத் தன் நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

அக்கா (10:27): அப்படியென்றால் அவன் தட்டில் வைக்காமல் எங்கள் தட்டில் மட்டும் வைக்க வேண்டுமா?

சித்தப்பா (10:27): சும்மாவும் வைக்கக் கூடாது. ரசித்துச் சாப்பிட வேண்டும்.

நான் (10:30): சித்தப்பா, அந்தப் புளித்த கோஸை வீட்டில் போட முடியுமா? எனக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு இன்னும் நிறைய இருக்கிறது.

சித்தப்பா (10:41): முடியும். தராசு மட்டும் வேண்டும். நறுக்கிய கோஸின் எடையில் 2 சதவீதம் உப்பு. ஒரு கிலோவுக்கு 20 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லுப்பும் தூளுப்பும் கரண்டியில் ஒரே எடை நிற்காது. உப்பைப் போட்டுக் கையால் பத்து நிமிடம் பிசை. காலையில் அண்ணி எதற்குத் திட்டினார்களோ, அந்தத் தண்ணீர்தான் இங்கே மூலதனம். அதிலேயே கோஸ் மூழ்கும்படி கண்ணாடிச் சாடியில் அழுத்தி, மேலே கனம் வை. காற்றுப் படுகிற துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். மூடியை இறுக்காதே, உள்ளே வாயு உண்டாகும். இறுக்கியிருந்தால் தினம் ஒருமுறை தளர்த்திவிடு. கோஸிலேயே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா மற்றதைப் பார்த்துக்கொள்ளும். 18 முதல் 22 டிகிரி வரை வெப்பம் இருக்கும் இடமென்றால் மூன்று நான்கு வாரம். வெயில் அதிகமென்றால் முன்பே புளித்துவிடும், சுவைத்துப் பார்த்து பிரிட்ஜுக்கு மாற்று. நிறம் நிறமாகப் பஞ்சுபோல் பூஞ்சை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு.

அத்தை (10:50): ↪️ பலமுறை பகிரப்பட்டது
⚠️ முட்டைக்கோஸ் சாப்பிடுகிறீர்களா? தைராய்டு போய்விடும்! உடனே நிறுத்துங்கள்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்! ⚠️

பெரியம்மா (10:51): பத்துப் பேருக்கு அனுப்பினால் தைராய்டு திரும்பி வருமா?

சித்தப்பா (10:55): இதில் சிறு உண்மை ஒன்று இருக்கிறது. கோஸில் அயோடினைத் தடுக்கும் பொருள் உண்டு. ஆனால் வேகவைத்தால் குறையும். அயோடின் போதுமான அளவு கிடைப்பவர்கள் வழக்கமான அளவு சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் பச்சையாகச் சாறெடுத்துக் குடிப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். இந்தக் குழுவில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவர் அத்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார் அல்லவா?

மாமா (10:57): ஆமாம். டாக்டர் இதையேதான் சொன்னார். கோஸில் வைட்டமின் கே இருக்கிறதாம், மாத்திரையின் வேலையை அது குறைக்கிறதாம். சாப்பிடாதே என்று சொல்லவில்லை. ஒரு வாரம் சுத்தமாக விட்டு மறு வாரம் அண்டா அண்டாவாக உள்ளே தள்ளாதே, எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார்.

அத்தை (10:58): இதை எனக்குச் சொல்லவே இல்லையே!

மாமா (10:58): சொன்னேன். நீ அப்போது யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாய்.

அத்தை (11:06): சரி, என் பங்குக்கும் ஒன்று சொல்கிறேன். இலைச் சுருள். முழு இலையை உரித்தால் கிழிகிறது என்றுதானே எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்? ஓரிரு நாள் முன்பே முழுக் கோஸையும் உறைபெட்டியில் வைத்துவிடு. நன்றாக உறைந்த பிறகு வெளியே எடுத்து இளகவிட்டால் இலை துணிபோல் துவண்டு தானாகக் கழன்றுவரும். வெந்நீரில் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். நடு நரம்பு தடிப்பாக இருந்தால் சீவிவிடு. உள்ளே அரைவேக்காட்டுச் சோறும் கைமாவும், அல்லது பருப்பு. சுருட்டி அடுக்கி, தக்காளிச் சாறு ஊற்றிச் சின்னத் தீயில் வேகவை. ஒன்று கவனம், இலை முதலிலேயே இளகியிருக்க வேண்டும். தக்காளிப் புளிப்பில் போட்டபின் விறைத்த இலை சீக்கிரத்தில் மெத்தென்று ஆகாது.

பெரியம்மா (11:08): இந்த உறைய வைக்கிற வித்தை எனக்கே தெரியாது.

அத்தை (11:08): 😌

தங்கை (11:12): நான் விடுதியில் செய்வது ஒன்றுதான். மெல்லிசாகச் சீவிய கோஸ் இரண்டு கைப்பிடி, முட்டை ஒன்று, மாவு இரண்டு கரண்டி, உப்பு. தட்டையாகத் தோசைக்கல்லில் சுட வேண்டும். கலந்த உடனே ஊற்றிவிட வேண்டும், பேசிக்கொண்டு நின்றால் உப்பு தண்ணீரை இழுத்து மாவு ஓடிவிடும்.

நான் (மதியம் 1:20): 📷 புகைப்படம்
பெரியம்மா, அகல வாணலி. ஐந்தரை நிமிடம். மூடவில்லை.

பெரியம்மா (1:22): நிறம் நன்றாக இருக்கிறது. இன்னும் மெல்லிசாக நறுக்கியிருக்கலாம். ஓரத்தில் இரண்டு துண்டு சிவந்திருக்கிறதே, அதுதான் ருசி.

நான் (1:23): நாற்றமே இல்லை!

மாமா (1:24): உன் மூக்கு பழகியிருக்கும்.

பெரியம்மா (1:25): மிச்சத்தைப் பாதியாக வெட்டி வைக்காதே, வெட்டு வாய் கறுக்கும். வெளியிலிருந்து இலை இலையாக உரித்து எடுத்துக்கொள். முழுதாக இருக்கும்வரை வாரக்கணக்கில் தாங்கும்.

நான் (1:26): கால்வாசியை நேற்றே வெட்டிவிட்டேனே?

பெரியம்மா (1:26): அப்படியானால் அந்தப் பக்கத்திலிருந்து வேகமாகச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை

நான் (மாலை 4:15): ஒரு கிலோ சாடிக்குள் போய்விட்டது. உப்பு சரியாக 20 கிராம். கை இன்னும் வலிக்கிறது.

அக்கா (இரவு 8:40): சித்தப்பா, உங்கள் கேப்டன் முறையைச் செய்து பார்த்தோம். கீற்றுகளை ஓவனில் சுட்டு எங்கள் இரண்டு பேர் தட்டில் மட்டும் வைத்தோம். இவர் ‘ஆகா, ஆகா’ என்று கொஞ்சம் அதிகமாகவே நடித்தார்.

சித்தப்பா (8:41): பையன் கேட்டானா?

அக்கா (8:43): திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சமையலறையில் வெட்டிப் போட்ட பச்சைத் தண்டு ஒன்று இருந்தது. அது குப்பைக்கு, தொடாதே என்று சொல்லியிருந்தேன். இப்போது அதைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து கறுக் கறுக்கென்று சத்தம் வருகிறது.

பெரியம்மா (8:44): விடு. கோஸில் இனிப்பே அங்கேதான்.

அக்கா (8:51): வெளியே வந்துவிட்டான். இன்னொரு தண்டு வேண்டுமாம். ஒரு கோஸுக்கு ஒன்றுதான் இருக்கும் என்று எப்படிப் புரியவைப்பது?

நான் (8:52): என்னிடம் ஒன்று இருக்கிறது. பெரியது.