சைக்கிள் மிதித்தால் துடிப்பு 72-லேயே நிற்கிறது: சிஆர்டி-டி வைத்தவருக்கு உடற்பயிற்சி, உதவி தேவை

ஈசூன் மகள்:
அப்பாவுக்கு வயது 66. இதயச் செயலிழப்பு, இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30%. சிஆர்டி-டி (இரண்டு கீழறைகளையும் சேர்ந்து துடிக்க வைத்து, ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுக்கும் கருவி) வைத்து மூன்று மாதம் ஆகிறது. காயம் ஆறிவிட்டது, உடற்பயிற்சி செய்யலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். புளோக்குக்குக் கீழே உள்ள திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்கில் நடந்தால் துடிப்பு 70-இலிருந்து 95 வரை ஏறுகிறது, சிரமமில்லை. வீட்டில் இருக்கும் உடற்பயிற்சி சைக்கிளை 5 நிமிடம் மிதித்தாலே மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது. ஆனால் துடிப்பு 72-ஐத் தாண்டுவதே இல்லை. கருவியில் கோளாறா? எத்தனை துடிப்பு வரை போனால் ஷாக் அடிக்காது?

துடிப்புக்கணக்கு:
முதலில் வாட்ச்சை நம்பாமல் மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அப்போதும் 72 என்றால், பெரும்பாலும் இது கோளாறு இல்லை, சென்சார் விஷயம்.

இதயம் தானாக வேகம் கூட்ட முடியாதவர்களுக்குக் கருவிதான் துடிப்பை ஏற்றிவிடுகிறது. பல கருவிகளில் இதற்கு இருப்பது அசைவைப் பார்க்கும் சென்சார். அது நெஞ்சில் தோலுக்கு அடியில் இருக்கிறது. நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் நெஞ்சு குலுங்குகிறது, சென்சார் அதைப் பிடித்துக்கொள்கிறது. சைக்கிளில் கால்தான் சுற்றுகிறது, கைப்பிடியைப் பிடித்த மேலுடம்பு அப்படியே இருக்கிறது. கருவியைப் பொறுத்தவரை அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! கால் தசை ரத்தம் கேட்கிறது, துடிப்பு ஏறவில்லை, அதனால்தான் மூச்சு வாங்குகிறது. படி ஏறும்போதும் சிலருக்கு இதே கதிதான், ஏனென்றால் எட்டு மெதுவாக விழுகிறது.

அடுத்த முறை கருவி கிளினிக்குக்குப் போகும்போது எந்த வேகத்தில் எவ்வளவு துடித்தது என்று பட்டைகளாகக் காட்டும் துடிப்பு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தினமும் பயிற்சி செய்தும் பட்டைகள் எல்லாம் 60-80க்குள் குவிந்திருந்தால் சென்சாரின் உணர்திறனைக் கூட்டலாமா என்று கேளுங்கள். சில கருவிகள் மூச்சின் அளவையும் பார்த்து வேகம் கூட்டும். அந்த வசதி இருந்தால் சைக்கிளுக்கு அது பொருத்தம். ஆனால் துடிப்பை ஏற்றினால் எல்லாருக்கும் நல்லது என்றில்லை, முடிவு டாக்டருடையது. பிசோப்ரோலாலை நீங்களாகக் குறைத்துவிட வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று: துடிப்பு நன்றாக ஏறிப் போய், திடீரென்று சரிந்து தலை சுற்றுவது. கருவி எவ்வளவு வேகம் வரை மேலறையைப் பின்தொடரும் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் துடிப்பு விட்டுவிட்டு வரும், அமைப்பைப் பொறுத்து சட்டெனப் பாதியாகவும் விழும். இரண்டு கீழறைகளும் சேர்ந்து துடிப்பதும் கெடும்; சிஆர்டி வைத்ததே அவை சேர்ந்து துடிக்கத்தான். அப்படி நடந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.

பயிற்சி மேடை:
ஷாக் பற்றி. கருவி எந்த வேகத்திலிருந்து ஆபத்தான துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது என்பதை ஆளுக்கு ஆள் மாற்றி அமைப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, கருவி அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள். பயிற்சியில் துடிப்பு அதைவிட 10 முதல் 20 வரை குறைவாகவே இருக்க வேண்டும். உதாரணமாக 170 என்றால் 150.

பிசோப்ரோலால் சாப்பிடுபவருக்குத் துடிப்பை மட்டும் வைத்துக் கடுமையை அளக்க முடியாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரே 6 முதல் 20 வரை எண் சொல்லும் போர்க் அளவில் 11-13 போதும்: வாக்கியமாகப் பேச முடியும், பாட முடியாது. முதலில் 10 நிமிடம் மெதுவாக, பிறகு 10 நிமிடம் அந்தக் கடுமையில், முடிவில் இன்னொரு 10 நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர் சட்டென நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, அழுத்தம் இறங்கி, கண் இருட்டும். நடுப்பகுதியை வாரத்துக்கு 2-3 நிமிடம் கூட்டுங்கள். நடுப்பகுதி 30 நிமிடத்தைத் தொட்ட பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

பயம் வேண்டாம் என்பதற்கு ஒரு சான்று: 2009-இல் வெளியான எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் இஎஃப் 35 அல்லது அதற்கும் குறைவான 2331 பேர் இருந்தார்கள், பலருக்கு நெஞ்சில் ஐசிடி (ஷாக் கொடுக்கும் கருவி). முறையாகச் செய்த பயிற்சி பாதுகாப்பானது என்றே தெரிந்தது.

ட்ரெட்மில்லில் ஏறினால் அந்தச் சிவப்புப் பாதுகாப்புச் சாவியைக் கவனியுங்கள். பலவற்றில் உள்ளே காந்தம் இருக்கிறது. கருவிக்கு மேல் சட்டையில் மாட்டினால் ஷாக் கொடுக்கும் வேலை அந்த நேரத்துக்கு நின்றுபோகலாம். இடுப்பில் மாட்டச் சொல்லுங்கள். கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால் கவலையில்லை.

ஈசூன் மகள்:
தெளிவாகப் புரிந்தது, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். எந்த நாளில் பயிற்சியே கூடாது? இந்த வெயிலில் தண்ணீர் எவ்வளவு கொடுப்பது? ஒரு நாளைக்கு 1.5 லிட்டர்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சி மேடை:
காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறியிருந்தாலோ, கணுக்கால் வீங்கினாலோ, ராத்திரி தலையணை ஒன்று கூடுதலாகக் கேட்டாலோ அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். உடம்பில் மின்சாரம் செலுத்திக் கொழுப்பு அளக்கும் தராசில் ஏற்றாதீர்கள். சாதாரண தராசு போதும்.

தண்ணீர் வரம்பை மீறாதீர்கள், வியர்வையைக் குறையுங்கள். காலை 8 மணிக்கு முன் வாய்ட் டெக், இல்லையென்றால் ஏர்கான் உள்ள கடைத்தொகுதி. வெயிலில் பார்க் கனெக்டர் (பூங்காக்களை இணைக்கும் நடைபாதை) வேண்டாம், புகைமூட்ட நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

ஒரு ஷாக் அடித்து ஆள் நன்றாக இருந்தால் அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். இரண்டு அடித்தாலோ, ஒன்று அடித்தும் மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995-ஐக் கூப்பிடுங்கள்.