மறு: வோல்பாக்கியா கொசுவுக்குச் சொல் தேடல் – 'சினைப்பொருந்தாமை' என்று வைக்கலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவால் கொசு முட்டை பொரிக்காமல் போகும் நிகழ்வுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இழை நீண்டுவிட்டதால், வந்த பரிந்துரைகளை எல்லாம் ஒரே மடலில் எடுத்துக்கொள்கிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பொருள் பிடிபடாமல் சொல் தேடினால் அகராதியின் எடைதான் கூடும்.

எங்கள் புதுச்சேரியின் இந்திரா நகரில் இருக்கும் வி.சி.ஆர்.சி.யைப் பலருக்கும் தெரிந்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்த 1981 முதல் 1985 வரை புதுச்சேரியின் சாக்கடைகளோடு மல்லுக்கு நின்றவர்கள் இவர்கள்தான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய இரண்டு கொசு வகைகளை 2022இல் அறிவித்தார்கள். இரண்டுமே டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்தி கொசு. ஆனால் அவற்றின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கும்.

இந்தப் பாக்டீரியா புதிது அல்ல. 1924இல் அமெரிக்காவில் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவில் இதைக் கண்டார்கள். 1936இல் ஹெர்டிக் தன் கூட்டாளியின் பெயரையே அதற்கு வைத்தார். (அதனால்தான் வோல்பாக்கியா என்று எழுதுகிறேன். சில நாளிதழ்களில் வரும் 'வோல்பாச்சியா'வை விட்டுவிடலாம்.) பூச்சி இனங்கள் பலவற்றில் இது இயல்பாகவே உண்டு. நம் சாக்கடைகளில் வளரும் கியூலெக்ஸிலும் உண்டு. ஏடிஸ் எஜிப்தியில் இயல்பாக இல்லை, அதனால் ஆய்வகத்தில் முட்டைக்குள் ஊசியால் செலுத்திக் குடியேற்றினார்கள். குடியேறிய பிறகு டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் சரியாகப் பெருக முடிவதில்லை. பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைகளுக்குப் போகும், தகப்பனிடமிருந்து போகாது. கொசுவின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'மரபணு மாற்றக் கொசு' என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அது வேறு வேலை.

சரி, கொஞ்சம் கொசுவை வெளியே விட்டால் ஊர்க் கொசு முழுவதிலும் பாக்டீரியா எப்படிப் பரவும்? நாம் பெயர் தேடும் நிகழ்வு இங்கேதான் வருகிறது. பாக்டீரியா உள்ள ஆண், பாக்டீரியா இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. அதே ஆண், பாக்டீரியா உள்ள பெண்ணோடு சேர்ந்தால் பொரிக்கும். பெண்ணிடம் பாக்டீரியா இருந்து, ஆணிடம் அது இல்லாமல் போனாலும் பொரிக்கும். ஆக, வோல்பாக்கியா உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் வம்சம் தழைக்கிறது. இல்லாத பெண்ணுக்கோ வோல்பாக்கியா மாப்பிள்ளை வாய்த்தால் இட்ட முட்டை எல்லாம் வீண். தலைமுறை போகப் போக எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிப் பரவவிட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடும், டெங்குவுக்காக மருத்துவமனையில் சேர்வது 86 விழுக்காடும் குறைந்ததாக 2021இல் ஆய்வு முடிவு வந்தது.

முட்டை பொரிக்காமல் போகும் இந்த நிகழ்வுக்குத்தான் பெயர் வேண்டும். இனி பரிந்துரைகள்.

> சைட்டோபிளாசப் பொருந்தாமை என்றே வைத்துவிடலாமே. பாடநூலில் பழகிய சொல்.

சைட்டோபிளாசம் என்பது உயிரணுவில் உட்கருவைச் சுற்றியுள்ள கூழ். ஆங்கிலப் பெயர் (cytoplasmic incompatibility) அப்படித்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1950களில் ஜெர்மானிய ஆய்வாளர் ஹான்ஸ் லாவென் வெவ்வேறு ஊர்களின் கியூலெக்ஸ் கொசுக்களைக் கலந்து பார்த்தார். சில சேர்க்கைகளில் முட்டை பொரிக்கவில்லை. அந்தப் பண்பு தாய்வழியாக மட்டுமே இறங்கியது. அப்படியானால் குரோமோசோமில் இல்லை, முட்டையின் சைட்டோபிளாசத்தில் ஏதோ இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். 1967இல் பர்மாவின் ஓக்போ என்ற ஊரில் பொருந்தாத ஆண் கொசுக்களை விட்டு, மூன்று மாத அளவில் அங்கே கியூலெக்ஸை ஒழித்தும் காட்டினார். அப்போதும் அந்த 'ஏதோ' என்னவென்று தெரியாது. அது வோல்பாக்கியாதான் என்று யென், பார் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது 1971இல். பெயரின் முதல் பாதி, காரணம் தெரியாத காலத்தில் வைத்தது. ஆங்கிலத்தில் அது பழகிவிட்டது, இனி கழற்ற முடியாது. நாம் காரணம் தெரிந்த பிறகு பெயர் வைக்கிறோம். அந்த வசதியை ஏன் விட வேண்டும்?

> எங்கட வழக்கில் குழியவுரு. குழியவுரு ஒவ்வாமை எண்டு சொன்னால் சுருக்கமாயும் தமிழாயும் இருக்கும்.

யாழ்ப்பாணத்து அண்ணா, சைட்டோபிளாசத்துக்கு நீங்கள் சொல்லும் குழியவுரு எனக்கும் பிடித்த சொல். சைட்டோபிளாசத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மேலே சொன்ன தடை அதற்கும் உண்டு. 'ஒவ்வாமை'யை மட்டும் கட்டாயம் எதிர்க்கிறேன். சொல்லாக அதில் குறை இல்லை, ஒவ்வாதது ஒவ்வாமை, அவ்வளவுதான். இங்கே அதை அலர்ஜிக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். 'கொசுக்களில் ஒவ்வாமை' என்று நாளிதழில் ஒரு வரி வந்தால், அந்தக் கொசு கடித்தால் தடிப்பு வரும் என்றுதான் லாஸ்பேட்டையிலும் மஞ்சக்குப்பத்திலும் படிப்பார்கள். மறுநாள் காலை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வரும் டெங்கு தடுப்புப் பணியாளரிடம் அந்தக் கேள்வி போய் நிற்கும். நம் சொல்லுக்கு அவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

> முட்டை மலடு. எல்லோருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். இங்கே யாரும் மலடு இல்லை. வேறு இணை கிடைத்தால் அதே ஆணுக்கும் அதே பெண்ணுக்கும் பிள்ளை உண்டு. குறை சேர்க்கையில் இருக்கிறது, ஆளில் இல்லை. தவிர, அந்தச் சொல் பெண்களை எப்படிக் குத்தியிருக்கிறது என்று இந்தக் குழுமத்தில் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அது வரலாறு. 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து டெல்லியில் கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டுக்கென ஒரு பிரிவை நடத்தின. மலடாக்கிய ஆண் கொசுக்களையும், நாம் பேசும் இதே பொருந்தாமையையும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் சோதித்தார்கள். இது உயிரியல் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் குற்றச்சாட்டு கிளம்பியது. சோனிபட்டில் ஏடிஸ் கொசுக்களை விடும் திட்டம் நின்றது, 1975இல் பிரிவையே மூடினார்கள். புதுச்சேரி மையம் தொடங்கியதும் அதே 1975இல். அந்த ஆண்டில்தான் நெருக்கடி நிலையும் வந்தது, பின்னாலேயே குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களும். அந்தக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 'மலட்டுக் கொசுவை ஊருக்குள் விடப்போகிறார்கள்' என்று அவர்கள் காதில் விழுந்தால், அப்புறம் எந்த விளக்கமும் எடுபடாது.

> நம்ம ஊர்ல இதுக்கு ஏற்கனவே சொல் இருக்கே ஐயா. கூமுட்டை!

கடலூர்த் தம்பி இதை விளையாட்டாக எழுதினாரா என்று தெரியவில்லை. இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடையில் வைத்தும் குஞ்சு வராத முட்டை கூமுட்டை. நிகழ்வின் விளைவு அச்சு அசலாக அதுதான். சுகாதாரத் துறைத் துண்டறிக்கையில் 'இந்த ஆண் கொசுவோடு சேர்ந்த ஊர்ப் பெண் கொசு இடுவதெல்லாம் கூமுட்டை' என்று ஒரு வரி போட்டால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே அதைத் தாராளமாகப் பயன்படுத்துவோம்.

பாடநூலுக்கு மட்டும் அது போதாது. வசவுச் சொல்லாக இருப்பது ஒரு தயக்கம்தான், ஆனால் 'கூழ்முட்டை' என்று திருத்தமாக எழுதிச் சமாளித்துவிடலாம். பெரிய சிக்கல் வேறு. சேவலே சேராத கோழியின் முட்டையும் கூமுட்டைதான், கருவுற்றுக் கெட்டதும் கூமுட்டைதான். நம் நிகழ்வில் முட்டை கருவுறுகிறது. விந்தணு உள்ளே போகிறது. முதல் பிரிவின்போது தகப்பன் வழி வந்த குரோமோசோம்கள் சரியாகச் சுருண்டு திரளாமல் பின்தங்கிவிடுகின்றன, கரு சாகிறது. இன்னொன்று, இந்தப் பொருந்தாமைக்கு அளவு உண்டு. புதுச்சேரிக் கொசு வகைகளை வைத்தே ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். கொசுப்புழுக்கள் கோடை வெப்பம் போன்ற சூட்டில் வளர்ந்தால், ஒரு வகைக் கொசுவில் இருக்கும், பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியா எண்ணிக்கையில் குறைந்துவிடுகிறது. மற்றதில் இருக்கும், ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுத்த வோல்பாக்கியா சூட்டைக் கூடுதலாகத் தாங்குகிறது. பாக்டீரியா குறைந்தால் பொருந்தாமையின் வலுவும் தளரலாம். அக்னி நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. 'பகுதிக் கூமுட்டை', 'வலுக்குறைந்த கூமுட்டை' என்றெல்லாம் எழுத முடியுமா?

ஆக, பின்பாதி 'பொருந்தாமை' என்பதில் பெரும்பாலோருக்கு உடன்பாடு இருக்கிறது. இரத்த வகைக்கு ஏற்கனவே அப்படித்தான் சொல்கிறோம். ஜாதகப் பொருத்தம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் சிரித்திருந்தார். வரட்டுமே. தனித்தனியாக இருவரிடமும் குறை இல்லை, சேர்ந்தால்தான் ஆகாது என்கிற கருத்து தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் விளக்கம் கேட்காது.

முன்பாதிக்கு நான் முதலில் 'கரு' என்று யோசித்தேன். 'கருப்பொருந்தாமை' என்று எழுதிப் பார்த்தால் கண் அதைக் கருப்பொருள் என்று படிக்கிறது. அடுத்து வந்தது 'சூல்பொருந்தாமை'. தாவரவியல் ஆசிரியை உடனே தடுத்தார்: சூல், சூலகம், சூல்முடி எல்லாம் பூவுக்கு உரியவை, மகரந்தம் பொருந்தாமை என்று தாவரங்களில் தனியாகவே ஒரு பாடம் இருக்கிறது, இரண்டும் குழம்பும் என்றார். அவர் சொன்னது சரி.

கடலூர் முதுநகரிலிருந்து அக்கா ஒருவர் எழுதிய ஒற்றை வரி மடல்தான் முடிச்சை அவிழ்த்தது: "துறைமுகத்துல நண்டு வாங்கும்போது சினை இருக்கான்னுதானே கேக்குறோம்?" மீன் சினை, சினை நண்டு, சினைமாடு, சினைப்பை. விலங்குகளின் முட்டைக்கும் கருவுக்கும் ஊரில் புழங்குகிற சொல் அது. சினைப்பை நீர்க்கட்டி என்று மருத்துவப் பக்கங்களிலும் தினமும் வருகிறது. இலக்கணத்தில் சினை என்றால் உறுப்பு ஆயிற்றே என்று புலவர் ஐயா கேட்பார். கேட்கட்டும், சினைமாட்டை யாரும் உறுப்புமாடு என்று எண்ணுவதில்லை.

எனவே என் பரிந்துரை: சினைப்பொருந்தாமை.

கூட்டுச்சொல்லாகவும் இது வளைந்து கொடுக்கிறது. வோல்பாக்கியா உள்ள ஆணும் இல்லாத பெண்ணும் பொருந்தாதது ஒருவழிச் சினைப்பொருந்தாமை. இரண்டு கொசுக்களிடமும் பாக்டீரியா இருந்து, அவை வெவ்வேறு வகையாக இருப்பதால் எந்தப் பக்கம் சேர்த்தாலும் பொரிக்காமல் போவது இருவழிச் சினைப்பொருந்தாமை. முழு, பகுதி, வலு ஆகியவையும் ஒட்டிக்கொள்கின்றன.

இதற்குள் இன்னும் இரண்டு பெயர் தேவைப்படுகிறது. ஆணிடம் இருக்கும் பாக்டீரியா விந்தணுவில் ஏதோ செய்து வைக்கிறது. பெண்ணிடம் அதே பாக்டீரியா இருந்தால் முட்டைக்குள் அது சரிசெய்யப்படுகிறது. 'பூட்டு, திறவு' என்று ஒருவர் முன்வைத்தார். கேட்க அழகுதான். ஆனால் பூட்டும் சாவியும் என்பதே இந்த நிகழ்வை விளக்க வந்த போட்டிக் கருதுகோள்களில் ஒன்றின் பெயர். 'நஞ்சு, முறிவு' என்பது இன்னொன்று. 2017இல் இதற்குக் காரணமான மரபணு இணையைக் கண்டுபிடித்த பிறகும், அவை எப்படி வேலை செய்கின்றன என்பதில் வழக்கு முடியவில்லை. கலைச்சொல் எந்தக் கட்சியிலும் சேரக் கூடாது. 'விந்தணுத் தடை' என்றால் கருத்தடைச் சாதனம் போல ஒலிக்கிறது. அதனால் நேராக, தந்தைவழித் தடை, தாய்வழி மீட்பு. பள்ளிப் பிள்ளை கேட்டாலும் புரியும், ஆய்வாளருக்கும் எந்தக் கருதுகோளோடும் முட்டாது.

பாக்டீரியாவின் இந்தக் குடியிருப்புக்கே 'கூட்டுயிர் வாழ்வு' என்று பெயர் வைக்கலாமா என்ற துணைக் கேள்வியும் வந்தது. கொஞ்சம் பொறுங்கள். யானைக்கால் நோயைக் கொடுக்கும் புழுவின் உடம்பிலும் வோல்பாக்கியா இருக்கிறது. அங்கே அது இல்லாவிட்டால் புழு மலடாகி, காலப்போக்கில் செத்தும் போகிறது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்கள் கொடுத்தால், பாக்டீரியா அழிந்து அதன் பின்னாலேயே புழுவும் போவது அதனால்தான். கொசுவுக்கோ இந்தப் பாக்டீரியா இல்லாமலும் வாழ்க்கை ஓடும். ஒரு வீட்டில் தூண், இன்னொரு வீட்டில் வாடகைக்கு வந்து வம்ச விவகாரத்தில் தலையிடும் ஆள். இரண்டையும் 'கூட்டு' என்று ஒரே சொல்லால் அழைப்பது எனக்கு உவப்பாக இல்லை. 'உள்ளுறை உயிரி' என்று நன்மை தீமை சொல்லாமல் வைக்கலாம் என்பது என் எண்ணம். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

சினைப்பொருந்தாமைக்கு மறுப்பு உள்ளவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். குறிப்பாக யாழ்ப்பாணத்து அண்ணன் ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே விலங்குக்குச் சினை என்ற வழக்கு இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் 'முட்டைப்பொருந்தாமை' என்பதை மாற்றாக வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் மொட்டையாக இருந்தாலும் இரண்டு கரையிலும் செல்லும்.

அன்புடன்,
கோரிமேட்டிலிருந்து