முன்னோட்டம் காட்டிய படமும் திரையில் ஓடிய படமும்

மாலைக்காட்சி (கேள்வி):
அண்மையில் பார்த்த ஒரு படம் முன்னோட்டத்தில் அசல் பேய்ப்படமாகத் தெரிந்தது. திரையரங்கிலோ, மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் துயரத்தை நிதானமாகச் சொல்லும் குடும்பக் கதை ஓடியது. முன்னோட்டத்தில் வந்த காட்சிகள் அத்தனையும் படத்திலும் இருந்ததால், பொய் சொல்லிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டவும் வழியில்லை. ஆனால், கதவு தானாகத் திறக்கும் காட்சிக்கு முன்னோட்டத்தில் ஓர் அலறலைச் சேர்த்திருந்தார்கள்; படத்தில் அந்த இடத்தில் காற்றின் ஓசை மட்டுமே கேட்டது. இதை விளம்பர உத்தி என்று விட்டுவிடலாமா, மோசடி என்றே சொல்லலாமா? சட்டம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

வெட்டும்ஒட்டும்:
முன்னோட்டத்தைப் பெரும்பாலும் இயக்குநர் தொகுப்பதில்லை. பெரிய படங்களுக்கு அதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. படத்தொகுப்பும் பின்னணி இசையும் முடிவதற்கு முன்பே அவர்கள் வேலையைத் தொடங்கிவிடுவதால், சில காட்சிகள் பிறகு படத்தில் இடம்பெறாமல் போவதும் இரவல் இசை ஒலிப்பதும் சகஜம்.

வேண்டுமென்றே செய்வதிலும் இரண்டு வகை உண்டு. 1960இல் வெளியான 'சைக்கோ' படத்தின் முன்னோட்டத்தில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தாமே வந்து, ஆறு நிமிடத்துக்கும் மேலாகப் படப்பிடிப்பு அரங்கைச் சுற்றிக்காட்டுவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கும்போது அலறுபவர், படத்தில் அங்கே கொல்லப்படும் ஜேனட் லீ அல்லர், வெரா மைல்ஸ். கதையின் ரகசியத்தைக் காப்பதற்கான இந்த விளையாட்டுக்காக எந்த ரசிகரும் கோபப்பட மாட்டார். நீங்கள் சொல்வது இன்னொரு வகை, அதாவது படத்தின் இனத்தையே மாற்றி விற்பது. என்னைக் கேட்டால், அந்த அலறலைச் சேர்த்தவர் தாம் செய்வது என்னவென்று நன்றாகத் தெரிந்தே செய்திருக்கிறார்.

நுகர்வோர்பக்கம்:
சட்டத்தைக் கேட்டீர்கள். 'ஃபேன்' (2016) இந்திப் படத்தின் விளம்பரத்தில் வந்த பாடல் படத்தில் இல்லை என்று ஒருவர் வழக்குத் தொடுத்து, நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடும் பெற்றார். உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அந்த உத்தரவை ரத்து செய்தது. முன்னோட்டம் என்பது டிக்கெட் வாங்கத் தூண்டும் ஒருதலைப்பட்சமான விளம்பரம். அதில் இருப்பதெல்லாம் படத்திலும் இருக்கும் என்ற வாக்குறுதியாக அதைக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவில் 'யெஸ்டர்டே' (2019) பட வழக்கில் நீதிபதி வேறு கோணத்தில் பார்த்தார். முன்னோட்டத்தில் தோன்றிய நடிகை அனா டி ஆர்மாஸ் படத்தில் இல்லை என்று இரண்டு ரசிகர்கள் தொடுத்த அந்த வழக்கில், முன்னோட்டமும் வணிக விளம்பரமே, பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2022 டிசம்பரில் சொன்னார். அங்கும் கேள்வி, குறிப்பிட்ட நடிகரோ காட்சியோ படத்தில் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுகிறது. படத்தின் தொனி மாறிவிட்டது என்ற உங்கள் மனக்குறை அந்த வரம்புக்குள் வருமா என்பது சந்தேகம்தான்.

மூன்றாம்வரிசை:
ரசிகரைவிட அதிகம் இழப்பது படம்தான். 'டிரைவ்' (2011) படத்துக்காக நிக்கோலஸ் விண்டிங் ரெஃபன் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். கார் துரத்தல் படம் என்று நம்பி வந்த அமெரிக்க ரசிகர்களிடம் சினிமாஸ்கோர் நிறுவனம் கருத்துக் கேட்டபோது கிடைத்த மதிப்பெண் சி மைனஸ். முன்னோட்டம் ஏமாற்றிவிட்டது என்று ஒரு பெண்மணி வழக்கே போட்டார். சினிமாஸ்கோர் கேட்பது முதல் நாள் ரசிகர்களிடம் என்பதைக் கவனியுங்கள். விளம்பரத்தை நம்பி முதலில் ஓடி வருபவர்கள் அவர்களே, வாய்வழியாகப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களும் அவர்களே. பொருந்தாத கூட்டத்தை அழைத்துவந்துவிட்டு, படம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை.

மாலைக்காட்சி:
உண்மையைச் சொல்லி விற்றிருந்தால் அந்த முதல் கூட்டமாவது வந்திருக்குமா என்று விநியோகஸ்தர் திருப்பிக் கேட்பாரே?

மூன்றாம்வரிசை:
கேட்பார், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. துயரக் கதை என்று போஸ்டர் ஒட்டினால் முதல் வாரம் அரங்கம் காற்றாடலாம். ஆனால், வந்தவர்கள் திட்டிக்கொண்டே வெளியேறும் படத்துக்கு இரண்டாம் வாரமே கிடைப்பதில்லை. துயரத்தை மறைக்காமல், அந்தத் தாய் தேடுவது என்ன என்ற கேள்வியை முன்னோட்டத்தில் வைத்திருந்தாலே ஆர்வம் பிறந்திருக்கும். அதற்கு அலறல் தேவைப்பட்டிருக்காது.