ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஒரே நாள்: மாமல்லபுரத்தில் தொடங்கி ஆலம்பரைக் கோட்டை வரை, எந்த வரிசையில் போகலாம்?

கேள்வி

திருவான்மியூரிலிருந்து கார்ல கிளம்புறோம். மூட்டுவலி உள்ள அம்மாவும் பத்து வயசுப் பையனும் கூட வர்றாங்க. சாளுவன்குப்பம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை எல்லாம் ஒரே நாள்ல முடியுமா? அப்படியே புதுச்சேரியையும் சேர்த்துக்கலாமா? நேரம் பத்தலேன்னா எதை விடலாம்?

பதில் 1

புதுச்சேரியை விட்டுடுங்க. ஆலம்பரையே சென்னையிலிருந்து சுமார் 100 கி.மீ. அதுக்கு மேல போனா எந்த இடத்தையும் நின்னு பார்க்க முடியாது.

காலை 5 மணிக்குக் கிளம்பி 6 மணிக்குச் சாளுவன்குப்பம். மாமல்லபுரத்துக்கு ஏறக்குறைய 5 கி.மீ. முன்னாடியே இடது பக்கம் வரும். தாண்டிட்டா திரும்பி வர மனசு வராது, அதனால முதல்ல இங்க நிறுத்துங்க. 7 மணிக்குக் கடற்கரைக் கோயில். சுற்றுலா பஸ்கள் வந்து சேர்றதுக்குள்ள, வெயில் ஏறுறதுக்குள்ள அதை முடிச்சுடணும். அப்புறம் டிபன். 8:45க்கு அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை. 10 மணிக்கு ஐந்து ரதம். 11 மணிக்கு ஊரை விட்டு வெளியே.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அன்னிக்கு ஒரே டிக்கெட்தான், முதல் இடத்துல வாங்கினதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. 15 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு இலவசம். ஆன்லைன்ல வாங்கினா டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. வாசல்ல சிக்னல் இல்லாம நிறைய பேர் நிக்கிறாங்க.

விடணும்னா குன்று மேல இருக்கிற மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தையும் கலங்கரை விளக்கத்தையும் விடுங்க. படியும் சரிவுப் பாறையும் மூட்டுவலிக்கு ஒத்துக்காது. ஐந்து ரதம் சமதளம், ஆனா மணல். அம்மாவுக்குப் பின்வார் வெச்ச செருப்பு நல்லது.

பதில் 2

மேலே சொன்ன வரிசை சரி. வெளிச்சத்தைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்குப் பார்த்தது. விடிந்ததும் போனால் வெயில் நேராக அடித்து உருவங்கள் தட்டையாகத் தெரியும். சூரியன் கொஞ்சம் மேலேறியதும் ஒவ்வொரு உருவத்தின் கீழும் நிழல் விழும். 9 மணிக்கு மேல்தான் அது பேசும். நடுவில் உள்ள வெடிப்பில் நாகங்களைப் பாருங்கள். அதற்கு வலப்புறம், பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே, பின்னங்காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை. அதைச் சுற்றி எலிகள். பையனையே தேடச் சொல்லுங்கள்.

ஐந்து ரதங்களில் நகுல சகாதேவ ரதம் தெற்குப் பார்த்தது, மற்றவை மேற்கு. காலையில் முகப்பெல்லாம் நிழலில்தான் இருக்கும். பார்க்க அது போதும். படம்தான் முக்கியம் என்றால் ஆலம்பரையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவிட்டு மாலை 4 மணிக்கு ரதங்களுக்குப் போங்கள்.

சாளுவன்குப்பத்தில் பலரும் புலிக்குகையோடு திரும்பிவிடுகிறார்கள். அது உண்மையில் யாளித் தலைகள் சூழ்ந்த மேடை. அதே வளாகத்தில் பாறையைக் குடைந்து செய்த அதிரணசண்டக் குடைவரைக் கோயில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கிரந்த எழுத்திலும் மறுபக்கம் நாகரி எழுத்திலும் கல்வெட்டு. அதற்கு வடக்கே, கொஞ்ச தூரத்தில் முருகன் கோயில் இடிபாடு. 2004 சுனாமிக்குப் பின் வெளிப்பட்ட கல்வெட்டில் இந்தக் கோயிலைப் பற்றிய குறிப்பு கிடைத்தது, அதைத் தொடர்ந்து 2005இல் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கருவறை. வாசல் வடக்கு நோக்கியது, முன்னால் கல்லில் செய்த வேல். இந்த வழியில் நான் எதையும் விட்டுக்கொடுப்பேன், இதைத் தவிர.

இன்னொன்று, கடற்கரைக் கோயில் சிற்பங்களைத் தொடவிடாதீர்கள். உப்புக்காற்றில் கல் உதிர்கிறது. காகிதக்கூழ் பூசித்தான் கல்லுக்குள் ஏறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள்.

பதில் 3

தெற்குப் பகுதிக்கு நான் சொல்றேன். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்கு முக்கால் மணி நேரம் போதும். கல்லறைத் தோட்டம் பூட்டியிருந்தா காவலாளிகிட்ட கேளுங்க. பக்கத்துலயே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறதால ட்ரோனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

ஆலம்பரைக்கு 3 மணிக்கு முன்னாடி போகாதீங்க, அங்க நிழலே கிடையாது. மதியச் சாப்பாட்டை நிதானமா முடிச்சுட்டு, கடப்பாக்கத்துல இடது பக்கம் திரும்புங்க. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுக்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயர் பிடிச்சு இடிச்ச கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டினது. மதில் மேல புல் மூடியிருக்கிற இடத்துல செங்கல் பிடிமானம் இல்லாம கழண்டு வரும், பையனை ஓரத்துல ஏற விடாதீங்க.

உப்பங்கழியில மீனவர்கள் படகு ஓட்டுவாங்க. ஏறுறதுக்கு முன்னாடியே மூணு விஷயம் பேசிடுங்க: வாடகை ஆளுக்கா படகுக்கா, எவ்வளவு நேரம், லைஃப் ஜாக்கெட் இருக்கா. மணல்திட்டுல இறங்கலாம். முகத்துவாரத்துல மட்டும் கால் வைக்காதீங்க; ஓதம் (கடல் ஏற்றம்) வடியறப்போ கழித் தண்ணி மொத்தமும் அந்தக் குறுகின வாய் வழியாத்தான் கடலுக்கு இழுக்கும், முழங்கால் ஆழத்துலயே ஆளைச் சாய்ச்சுடும். அம்மா படகுல ஏற வேண்டாம், தண்ணிக்குள்ள இறங்கித்தான் ஏறணும். கரையிலேயே மதில் பக்கம் உட்காரலாம், நாலரைக்கு மேல அங்க நிழல் விழும்.

5 மணிக்குக் கிளம்பிடுங்க. இருட்டினப்புறம் ஈசிஆர்ல குறுக்கே வர்ற மாடுதான் பெரிய ஆபத்து.

கேட்டவர்

நன்றி. புதுச்சேரியை விட்டாச்சு, முருகன் கோயிலைச் சேர்த்தாச்சு. அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒண்ணு கார்ல எடுத்துக்கிறேன்.