ஸ்கூல்ல பண்டிகை கொண்டாடுனப்ப நடந்து, இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்குற ஒரு விஷயம்... நீங்களும் சொல்லுங்க

முத்தியால்பேட்டை டீச்சர்

ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. நான் அரசு உதவி பெறும் பள்ளியில தொடக்க வகுப்பு எடுக்குறேன், அப்ப மூணாங்கிளாஸ். பொங்கல் லீவுக்கு முந்தின நாள் எல்லா ஸ்கூல்லயும் நடக்குறதுதான், கோலம், கரும்பு, மூணு கல்லு வச்சி பானை, பொங்கி வந்ததும் புள்ளைங்க சத்தம். அப்புறம் வாழையிலையில சூரியனுக்குப் படைச்சி கற்பூரம் காட்டிட்டு தொன்னையில போட்டுக் குடுத்தோம். என் கிளாஸ்ல ஒரு பாப்பா, பெந்தெகொஸ்தே சபைக்குப் போற வீடு. அன்னிக்குக் கோலத்துல பாதி அவ கலர் போட்டதுதான். தொன்னைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு ஓரமா நிக்குறா, வாய்ல வைக்கல. நான் எல்லார் முன்னாடியும் "சாப்புடுடா தங்கம், சாமி ஒண்ணும் கோச்சுக்காது"ன்னேன். நல்லதா நெனச்சிதான் சொன்னேன். அவ தலைய மட்டும் ஆட்டுனா.

சாயங்காலம் பெல் அடிச்சி எல்லாம் கெளம்புனப்புறம் வந்து அதே தொன்னைய நீட்டுறா. "மிஸ், சாப்பாட்ட கீழ போடக்கூடாதுன்னு சொல்லிருக்கீங்கல்ல, நீங்க வச்சிக்கிறீங்களா?" தொன்னை நனைஞ்சி பிஞ்சி உள்ளங்கையெல்லாம் வெல்லம் பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சி. மதியத்துலேர்ந்து அத வச்சிக்கிட்டே உக்காந்திருக்கா, கிளாஸ்ல நானும் இருந்திருக்கேன், பாக்கவே இல்ல.

கடலூர் ஓ.டி. அம்மா

டீச்சர், நீங்க வெளிப்படையா சொன்னதே பெரிய விஷயம். எங்களுக்கு நடந்தது வேற மாதிரி. என் பையன் நாலாவது படிக்கிறப்ப பக்ரீத் முடிஞ்சி மறுநாள் ஸ்கூல் போறான், கிளாஸ்ல அவன் ஒருத்தன்தான் முஸ்லிம், டீச்சர் எழுப்பி "உங்க பண்டிகைய பத்தி எல்லாருக்கும் சொல்லு"ன்னுருக்காங்க. ஒம்போது வயசு புள்ளைக்கு இப்ராஹிம் நபி கதைய நிறுத்தி நிதானமா சொல்ல வருமா, முழிச்சிட்டு "எங்க வீட்ல பிரியாணி செஞ்சாங்க"ன்னுருக்கான். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அன்னிலேர்ந்து அவன் பேரே பிரியாணி. ஆறாவது வேற ஸ்கூல் மாறுற வரைக்கும். டீச்சருக்கு அது தெரியவே தெரியாதுன்னுதான் நெனக்கிறேன், அவங்களுக்கு எங்க பண்டிகைய கிளாஸ்ல பேசுனோம்னு ஒரு திருப்தி இருந்திருக்கும். தீபாவளிக்கு எந்தப் புள்ளையயாச்சும் எழுப்பி நரகாசுரன பத்தி சொல்லுன்னு கேட்டாங்களா, இல்ல, அவங்களே கதையா சொன்னாங்க. அதேமாரி இதையும் அவங்களே சொல்லிருக்கலாம்ல.

வில்லியனூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு பேருமே சின்ன விஷயத்த ரொம்பப் பெருசா எடுத்துக்கிட்டீங்கன்னு எனக்குத் தோணுது, மன்னிச்சிக்கோங்க. பாண்டி பக்கம் எங்க ஊர்ல 1877ல கட்டுன லூர்து மாதா கோயிலும் இருக்கு, திருக்காமீஸ்வரர் கோயிலும் இருக்கு. தேர் இழுக்க பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் புடிச்ச ஊர் இது, இன்னிக்கும் துணைநிலை ஆளுநர் வர்றாங்க. மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துற பாதிப் பேரு நெத்தியில விபூதியோடதான் வருவாங்க. அந்தப் பக்கம் சிதம்பரம் கிட்ட கிள்ளைக்குப் போனா மாசிமகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சாமி வர்றப்ப தர்கா சார்புல பாய்ங்க வரவேற்பு குடுக்குறாங்க. இப்படி இருந்த ஜனம் நாம. நாங்க படிக்கிறப்ப சரஸ்வதி பூஜை பொரிகடலைய எல்லா மதத்துப் பசங்களும் டிராயர் பாக்கெட்டுல ரொப்பிக்கினு போனோம், எவனும் எதுவும் யோசிக்கல. இப்ப எதத் தொட்டாலும் மனசு நோவுதுன்னா ஒருநாள் ஸ்கூல்ல பண்டிகையே வேணாம்னு நிறுத்திடுவாங்க, நஷ்டம் புள்ளைங்களுக்குத்தான்.

கடலூர் ஓ.டி. அம்மா

கிள்ளை பத்தி எங்களுக்கும் தெரியும் சகோ, பெருமையாத்தான் இருக்கு. ஆனா அங்க வர்றவங்க பெரியவங்க, அவங்களா இஷ்டப்பட்டு பட்டு எடுத்துக்கிட்டு வர்றாங்க. என் பையன கேக்காம எழுப்பி நிக்க வச்சாங்க. எவனும் யோசிக்கலன்னு சொல்றீங்களே, கூடப் படிச்ச பாய் வீட்டுப் பையன்கிட்ட இப்ப போன் பண்ணி கேட்டுப் பாருங்க.

மஞ்சக்குப்பம் ரிட்டயர்டு ஹெச்.எம்.

என் அனுபவம் ஒரே வரிதான். ஒரு கிறிஸ்மஸுக்கு பாண்டியிலேர்ந்து ஒரு பெற்றோர் ஆசை ஆசையா விவிகம் கேக் கொண்டாந்தாங்க, நான் என் கையாலயே எல்லாப் புள்ளைக்கும் குடுத்துட்டேன், அதுல திராட்சைய ரம்முல ஊறப்போட்டிருப்பாங்கன்னு மறுநாள் ஒரு அத்தா வந்து அமைதியா கேட்டப்பதான் உறைச்சிது. அவர் சத்தம் போட்டிருந்தாக்கூட தேவலாம்.

இப்ப சர்வீஸ்ல இருக்குற டீச்சருங்களுக்குச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அரசியல் சட்டம் 28வது பிரிவு, முழுக்க அரசுப் பணத்துல நடக்குற பள்ளியில மத போதனையே கூடாதுங்குது. அரசு அங்கீகாரம் வாங்குன பள்ளியா இருந்தாலும், அரசு உதவி வாங்குற பள்ளியா இருந்தாலும், மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ புள்ளைய கட்டாயப்படுத்தக் கூடாது, மைனரா இருந்தா பெற்றோர் சம்மதம் வேணும். பொங்கல் வைக்கிறது, கோலம், கும்மி இதெல்லாம் கொண்டாட்டம், யாரும் தடுக்கல. கற்பூரம் காட்டி கும்பிடச் சொல்ற எடத்துலதான் அது வழிபாடாவுது, அந்தக் கோடு எங்கன்னு டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கணும். கேரளாவுல யெகோவா சாட்சிகள் வீட்டு மூணு புள்ளைங்க தேசிய கீதத்துக்கு எழுந்து மரியாதையா நின்னாங்க, ஆனா பாடல, ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்க. 1986ல சுப்ரீம் கோர்ட் திரும்பச் சேக்கச் சொல்லிச்சி. தேசிய கீதத்துக்கே அப்படின்னா ஒரு கரண்டி பொங்கலுக்கு நாம வற்புறுத்தலாமா?

அடுத்து சாப்பாடு. சர்ச்சை பாதி வர்றது அதுலதான். படைச்சத முஸ்லிம் வீட்டுலயும் பல கிறிஸ்தவ வீட்டுலயும் சாப்புட மாட்டாங்க, அது உங்க மேல கோவம் இல்ல. கறின்னா ஹலாலான்னு கேப்பாங்க, கேக்குன்னா முட்டை ஆகாத வீடு இருக்கு, கார்த்திகை மாசம் மாலை போட்ட அப்பாவோட சேந்து புள்ளையும் கறி தொடாது. ஜூன்ல அட்மிஷன் முடிஞ்சதும் ஒரு பெற்றோர் கூட்டத்துல பேசி எழுதி வச்சிக்குங்க. நோன்பு மாசம் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னாடி தள்ளி வரும், கேலண்டர பாக்காம ஸ்போர்ட்ஸ் டே வைக்காதீங்க. 2024ல ரம்ஜானுக்காக தமிழ்நாட்டுல 4லேர்ந்து 9 வரைக்கும் ஆண்டுத் தேர்வு தேதியையே மாத்துனாங்க, ஒரு ஓட்டப்பந்தயத்த மாத்த முடியாதா.

வில்லியனூர்க்காரன்

சார் நீங்க சொல்றது சட்டப்படி சரி. ஆனா எழுதி வச்சிக்குங்கன்னு சொல்றீங்களே, அங்கதான் எனக்கு பயம். இந்தப் புள்ள இத சாப்புடாது, அது அத சாப்புடாதுன்னு ஒரு லிஸ்ட் டீச்சர் கையில இருந்தா, பண்டிகை அன்னிக்கு "நீ மட்டும் இந்தப் பக்கம் வா"ன்னு கூப்புடுவாங்க. தொன்னையோட ஒக்காந்திருந்தத விட அது அசிங்கம். ஓ.டி. அக்கா, உங்க பையனுக்கு நடந்ததும் தனியா நிக்க வச்சதாலதானே? (நீங்க சொன்னீங்கன்னு நேத்து என் கிளாஸ்மேட்டுக்குப் போன் போட்டேன். பொரிகடலைய பாக்கெட்டுல போட்டுக்குவானாம், வீட்டுக்குப் போற வழியில குருவிக்குப் போட்டுடுவானாம். முப்பது வருஷம் ஆச்சி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அதுலேர்ந்து எனக்கு ஒருமாதிரியா இருக்கு.)

சேதராப்பட்டு பக்கம் டீச்சர்

எங்க ஸ்கூல்ல கம்பெனி வேலைக்கு வந்த பீகார்க்காரங்க புள்ளைங்க நெறைய. தீபாவளி லீவு முடிஞ்சி ஸ்கூல் தொறந்துட்டோம், ஒரு பையன் தொடர்ந்து வரல, நான் பாட்டுக்கு ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட் போட்டுட்டு, வந்தன்னிக்கு "ஊர் சுத்துனியா"ன்னு கேட்டுட்டேன். அவன் பையிலேர்ந்து பேப்பர்ல மடிச்ச ஒண்ண எடுத்து டேபிள்ல வச்சான். கோதுமை மாவும் வெல்லமும் போட்டு நெய்யில பொரிச்சது, தேகுவான்னு பேரு. தீபாவளிக்கு ஆறாம் நாள் அவங்களுக்கு சத் பூஜையாம். அம்மா ஒண்ணரை நாள் பச்சத்தண்ணி குடிக்காம விரதம், ஏரித் தண்ணியில எறங்கி நின்னு மறையுற சூரியன கும்புட்டு, மறுநாள் விடியக்காலம் உதிக்கிற சூரியனையும் கும்புட்டாங்களாம். அரைகுறை தமிழ்ல கையக் காட்டிக் காட்டி சொல்றான், "மிஸ், நம்ம பொங்கல் கூட சூரியன் தானே?" நம்ம பொங்கல்ங்குறான் அந்தப் பையன். நான் அவங்க பண்டிகை பேரக்கூட அதுவரைக்கும் கேட்டதில்ல. ஆப்சென்ட அடிச்சி திருத்த முடியாது, அது அப்படியே இருக்கு ரெஜிஸ்டர்ல.

முத்தியால்பேட்டை டீச்சர்

எல்லாரும் எழுதுனத ராத்திரி உக்காந்து படிச்சேன். வில்லியனூர் சார் பயம் எனக்கும் இருந்துச்சி. அதனால இந்தப் பொங்கலுக்கு யார் பேரும் கேக்கல, படைக்கிறதுக்கு முன்னாடியே பாதிய எடுத்து தனியா வச்சிடலாம்னு நெனச்சேன். ஆனா ஒரு புள்ளையோட பாட்டி ஒத்துக்கல, சாமிக்குக் காட்டாம பானையில கரண்டி வைக்கலாமான்னுட்டாங்க, அவங்க மனசும் அவங்களுக்குப் பெருசுதானே. கடைசியில ரெண்டு பானையா வச்சிட்டோம். ஒண்ணு கோலத்துக்கு நடுவுல, ஒண்ணு சமையல்கூடத்துல. எது எதுன்னு எல்லாப் புள்ளைங்களுக்கும் பொதுவா சொல்லி, எதுல வேணா வாங்கிக்கலாம்னோம். பாதிப் பசங்க ரெண்டுலயும் வாங்குனாங்க, சமையல்கூடத்துப் பானையிலதான் முந்திரி ஜாஸ்தின்னு பேச்சு வேற.

அந்தப் பாப்பா இப்ப அஞ்சாங்கிளாஸ். சமையல்கூடத்து வாசல்ல நின்னுக்கிட்டு "மிஸ், இது எந்தப் பானை?"ன்னு கேட்டா. சொன்னேன். ரெண்டு தொன்னை வாங்கிக்கிட்டா, ஒண்ணு ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற தம்பிக்கு.