4294967297இன் காரணியை ஆய்லர் எப்படிக் கண்டார்?

உவர்மலை ஆசிரியர்:
வணக்கம். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். 2இன் 1ஆம், 2ஆம், 4ஆம், 8ஆம், 16ஆம் வலுக்களுடன் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என முதன்மை எண்களே கிடைப்பதைக் கண்ட கணிதவியலாளர் பெர்மா, வரிசை முழுவதும் அப்படியே அமையும் என 1640இல் எழுதினார். ஆனால் அடுத்து வரும் 4294967297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்றும், ஈவு 6700417 என்றும் 1732இல் ஆய்லர் காட்டினார். 641க்குக் கீழே 115 முதன்மை எண்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தா கண்டிருப்பார் என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். கணிப்பான் இருந்தால் ஒரு மாலை வேலை. இறகுப் பேனாவுடன்?

நிலாவெளி வாசகன்:
அத்தனை வகுத்தல்கள் வேண்டியதில்லை ஐயா. ‘ப’ என்னும் முதன்மை எண் இதனை வகுக்குமானால், 2இன் 32ஆம் வலுவைப் ‘ப’ வகுக்கும்போது மீதி −1 எனக் கொள்ளலாம். வர்க்கித்தால் 64ஆம் வலுவுக்கு மீதி 1. அதற்குக் குறைந்த எந்த வலுவுக்கும் மீதி 1 வராது. பெர்மாவின் சிறு தேற்றப்படி ‘ப−1’ஆம் வலுவுக்கும் மீதி 1 ஆதலால், ‘ப−1’ ஆனது 64இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். ஆகவே சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 என்ற வரிசைதான், ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது. 1732இல் ஆய்லர் விடையை மட்டுமே தந்தார், இவ்வடிவத்துக்கான நிறுவலைப் பின்னரே வெளியிட்டார். பெர்மாவின் ஊகத்தைப் பெர்மாவின் தேற்றமே சாய்ப்பதுதான் எனக்கு வியப்பு.

சாம்பல்தீவு:
வகுக்காமலே கரும்பலகையில் காட்டவும் வழியுண்டு. 641 = 5×128+1 என்பதால், 5 × 2இன் 7ஆம் வலுவுக்கு மீதி −1; அதை நான்காம் வலுவுக்கு உயர்த்தினால், 625 × 2இன் 28ஆம் வலுவுக்கு மீதி 1. மறுபுறம் 641 = 625+16; எனவே 625இன் இடத்தில் −16ஐ, அதாவது 2இன் 4ஆம் வலுவை எதிர்க்குறியுடன், இடலாம். இட்டதும் 2இன் 32ஆம் வலுவுக்கு மீதி −1 என்றாகிறது. ஒன்றைக் கூட்டினால் பூச்சியம். மாணவர்கள் இதை மிகவும் ரசிப்பார்கள்.

இன்னொன்று: இந்த எண்ணில் இரண்டைக் குறைத்தால் வரும் 4294967295 = 3×5×17×257×65537. இவ்வரிசையில் முந்திய ஐந்து எண்களும் (பெர்மா எண்கள்) அதில் அடங்கிவிடுவதால், அவற்றுள் எதுவும் 4294967297ஐ வகுக்க முடியாது. மேலுள்ள பட்டியலில் 257ஐயும் அடித்துவிடலாம்.

உவர்மலை ஆசிரியர்:
இருவருக்கும் மிக்க நன்றி. 6700417உம் முதன்மை எண்தான் என்பதை மாணவர்கள் கையாலேயே சரிபார்க்க இயலுமா?

நிலாவெளி வாசகன்:
இயலும். ‘ப−1’ ஆனது 64இன் மடங்கு என்பதை 128இன் மடங்கு எனப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 1878இல் இறுக்கினார். 6700417இன் வர்க்கமூலம் 2589க்குக் குறைவு. அதற்குள் அவ்வடிவில் அமையும் முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 ஏற்கெனவே நீங்கிவிட்டது. ஏனைய நான்கால் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622.