புதுப்பிப்பு: அக்காவின் நெஞ்சுவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது

சென்ற வாரம் எழுதியிருந்தேன்: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அக்காவுக்கு 43 வயது, சர்க்கரை, கொழுப்பு எதுவும் கிடையாது. நெஞ்சுவலி இடது தோள்வரை ஏறியது. முதலில் காட்டிய இடத்தில் வாயுக்கோளாறு என்று அனுப்பிவிட்டார்கள். இஞ்சிச்சாறு கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.

மறுநாள் கோவைக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் புரதம்) உயர்ந்திருந்தது. ஆஞ்சியோகிராமில் கொழுப்பு அடைப்பு இல்லை. இதயத் தமனியின் சுவரில் தானாக ஏற்பட்ட கிழிசல். சுவருக்குள் ரத்தம் கட்டி உள்வழியை நெருக்கியிருக்கிறது. மருத்துவர் திரையில் காட்டினார்: நன்றாக வந்துகொண்டிருந்த குழாய், ஓரிடத்தில் திடீரென மெலிந்து நூலாக நீண்டது. 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வரும் மாரடைப்புக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணமாம்.

ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழல்) வைக்கவில்லையா என்று பலர் கேட்டீர்கள். ரத்த ஓட்டம் இருந்ததால் வைக்கவில்லை. அதை வைப்பதற்கான கம்பியை நுழைத்தால் கிழிசல் நீளக்கூடும். விட்டுவைத்தால் பெரும்பாலும் சில வாரங்கள், மாதங்களில் தானே ஆறிவிடும். 5 நாள் கண்காணிப்பு, ஆஸ்பிரின், பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கும் மாத்திரை), அவ்வளவுதான். கழுத்து, சிறுநீரகத் தமனிகளிலும் கோளாறு இருக்கலாம் என்பதால் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவுக்கு ஒரே குறை, குடம் தூக்கக் கூடாது என்றதுதான். "பின்னே, தண்ணீரை நீயா கொண்டுவருவாய்?" என்றாள். இரண்டு நாளாக நான்தான் கொண்டுவருகிறேன்.